வெங்காயத் தோலும் ஜாமீன் கையெழுத்தும்

எங்கப்பாவிடம் ஒரு வெள்ளைக் கம்பளி மப்ளர் உண்டு. 1994-ல் அவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தபோது அம்மா கையால் பின்னிக் கொடுத்தது. சென்னை மார்கழியில் அதைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினால், ஏதோ இமயமலை ஏறப் போகிற மாதிரி இருக்கும். அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. மப்ளர் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

போன மார்கழி முதல் தேதி, அதில் அரை டம்ளர் காபியைக் கொட்டிய புண்ணியவான் அடியேன்தான். கறை போகவே இல்லை. அப்பா ஒண்ணும் சொல்லவில்லை. மடித்து பீரோவில் வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சாயம் ஏத்திட்டா கறை மறைஞ்சுடும்ல?" என்றேன் மனைவியிடம்.

"கடைச் சாயம் மாமாவுக்கு ஒத்துக்காது. கழுத்தெல்லாம் அரிக்கும்" என்றாள். ஆக, இயற்கைச் சாயம்!

1856-ல் லண்டனில் பெர்க்கின் என்ற 18 வயசுப் பையன், மலேரியாவுக்குக் கொயினா தயாரிக்கப் போய், தவறிப்போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அதுவரை துணிக்கு நிறம் என்றால் பெரும்பாலும் வேர், இலை, பட்டைதான். (நானும் 18 வயசில் நிறையத் தவறு செய்தேன். அரியர்ஸ்தான் வந்தது!)

முதலில் என் பழைய ஸ்வெட்டரில் ஒத்திகை. மஞ்சள் தூளைக் கொதிக்கவிட்டு முக்கினேன். நிறம் ஜம்மென்று ஏறியது. கொதியிலிருந்து எடுத்து, நேராகக் குழாயடியில் கசக்கி அலசினேன். ஸ்வெட்டர், பக்கத்து வீட்டு எல்.கே.ஜி. பையன் சைஸுக்கு வந்துவிட்டது! கம்பளி இழையில் மீனுக்கு இருப்பது போல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, திடீர்க் குளிர்ச்சி, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பின்னல் இடைவெளியெல்லாம் மூடிவிடும். அப்புறம் பிரியவே பிரியாது. நிறமாவது மிஞ்சியதா? பத்தே நாள் மொட்டை மாடி வெயிலில் அதுவும் எஸ்கேப்!

பி.காம். மூளைக்கு அப்போதுதான் உறைத்தது. பாங்கில் லோன் வாங்கினால் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்கள் இல்லையா? சாயத்துக்கும் அப்படித்தான். ஜாமீன்தாரர், சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்க்கிறார்களே, அந்தப் படிகாரம். ஒரு கையால் இழையையும் மறு கையால் நிறத்தையும் பிடித்துக்கொள்ளும். மஞ்சள், ஜாமீனே இல்லாமல் உடனே ஒட்டிக்கொள்ளும். வெயிலைக் கண்டதும் ஊரை விட்டே ஓடிவிடும்.

அடுத்து, அசல் மப்ளர். கை நடுங்கியது. 100 கிராம் கம்பளிக்கு 12 கிராம் படிகாரம், அதே எடைக்குப் பெரிய வெங்காயத் தோல். "வெங்காயத்தை விட்டுட்டு தோலைக் கேக்கறீங்களே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா சார்?" என்றார் கடைக்காரர்.

முதலில் படிகாரத் தண்ணீரில் ஒரு மணி நேரம். அப்புறம், வேகவைத்து வடிகட்டிய தோல் சாறில் ஒரு மணி நேரம். எவர்சில்வர் பாத்திரம்தான், இரும்பு பட்டால் நிறம் கறுத்துவிடும். வெதுவெதுப்பில் போட்டு, மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்குள் அடுப்பைத் தணித்து, கிளறாமல், அதே தண்ணீரில் தானாக ஆறவிட்டேன். ராத்திரி பூரா தூக்கமில்லை. "அந்தப் பாத்திரம் இனிமே சமையலுக்கு வராது. புதுசு வாங்கிக் குடுங்க" என்று மனைவி தன் கணக்கை முடித்துக்கொண்டாள்.

காலையில் பார்த்தால் பொன் மஞ்சள்! கறை எங்கே என்று, கொட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும். நிழலில் உலர்த்தி அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு ஓரத்தை விரலால் தடவித் தடவி எதையோ தேடினார். அம்மா ஒரு கண்ணியைத் தவறவிட்ட இடம். சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. விரல் நுழைந்தது.

"இருக்குடா" என்றார். கழுத்தில் சுற்றிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.