மாலையும் காசோலையும் மட்டுமே செய்தியா?

நம் நாளிதழ்களில் தமிழ்ப்பள்ளிப் படங்களுக்குப் பஞ்சமில்லை. பிரமுகர் வருகிறார், மாலை விழுகிறது, ஆளுயர மாதிரிக் காசோலை கைமாறுகிறது, மறுநாள் படம் வெளிவருகிறது. அந்தத் தொகை பள்ளிக் கணக்கில் சேர்ந்ததா, கூரை மாற்றப்பட்டதா என்று ஆறு திங்கள் கழித்து வந்து பார்த்து எழுதும் செய்தியாளரைத்தான் காணோம். முன்னது விளம்பரம், பின்னதே செய்தி. இவ்விரண்டையும் பிரித்தறியாத சமுதாயம் மக்களாட்சியின் பெயரை மட்டுமே உச்சரித்துக்கொண்டிருக்கும் என்பது என் துணிபு.

ஒழுகும் கூரைக்கும் மக்களாட்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் உளர். போர்ட் கிள்ளானில் வாழும் நமக்கு அது தெளிவாகத் தெரிதல் வேண்டும். நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் நாம் வாக்களிக்கிறோம். ஆனால், உள்ளாட்சித் தேர்தல் 1965ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. உள்ளாட்சியை ஆராய்ந்த அரச ஆணையத்திற்குத் தலைமையேற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வேண்டுமென்று அவ்வாணையம் 1968இல் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையையே நிலைநாட்டியது. 2024இல் கிள்ளான் மாநகரமாயிற்று. மன்ற உறுப்பினர்கள் இன்றும் நியமனம் பெற்றவர்களே. பள்ளிகளோ கல்வி அமைச்சின் கீழ் உள்ளவை. அவற்றுக்கும் உள்ளூரில் வாக்குப்பெட்டி இல்லை. ஆகவே, உள்ளூர் மக்கள் பள்ளியைப் பற்றிக் கேள்வி கேட்கும் இடங்கள் இரண்டே. ஒன்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். மற்றொன்று நாளிதழின் உள்ளூர்ப் பக்கம்.

தலைமையாசிரியர்களே பேசலாமே என்பீர்கள். அரசு ஊழியர் நினைத்தபோது பத்திரிகைக்கு அறிக்கை விட 1993ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இடங்கொடா. நாங்கள் சொல்ல இயலாததை வெளியிலிருந்து ஒருவர் வந்து கேட்டறிந்து எழுதினால்தான் ஊருக்குத் தெரியும்.

எழுதாமல் விட்டதன் விலை சிறிதன்று. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இணைக்கப்பட்டன. நிலம் அரசுக்குச் சொந்தமாகாத பள்ளிகள் 'பகுதி உதவி' என்னும் நிலையில் கட்டடத்திற்காகக் கையேந்தி நின்றன. பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது என்னும் கேள்வி, தோட்டம் கைமாறும் முன்பே அச்சேற வேண்டியதாகும். பூட்டு விழுந்தபின் எழுதப்படுவது செய்தியன்று, இரங்கற்பா.

பிறரை மட்டும் சாடி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில், விருந்தினர் வந்த நாளில், ஒழுகிய வகுப்பறையைப் பூட்டிவைத்து, மாணவர்களை மண்டபத்தில் நிறுத்திப் படமெடுக்கச் செய்தவன் நான். பள்ளியின் மானம் காத்ததாக எண்ணிக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்திலும் வாளிகள் அங்கேயே இருந்தன. நான் மறைத்தது பள்ளியின் குறையை அன்று. அதனைத் தீர்க்க வேண்டியவரின் பொறுப்பை.

குறைகளை எழுதினால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவர் என்று என் சக தலைமையாசிரியர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நான் அறிவேன். மாணவர் எண்ணிக்கையே நம் உயிர்மூச்சு. ஆயினும், பெற்றோர் நாளிதழைப் பார்த்தா பிள்ளையை மாற்றுகின்றனர்? வகுப்பறையைப் பார்த்தே மாற்றுகின்றனர்.

1924இல் பிறந்த தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. எஞ்சிய இதழ்களுக்கு ஊர்தோறும் செய்தியாளரை வைத்துக்கொள்ள வசதியில்லை. புலனக் குழுக்களில் வதந்தி பரவுகிறது. விசாரித்து உறுதி செய்து, தன் பெயரிட்டு எழுதுவார் அங்கில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப நம்மாலும் இயலும். ஆசிரியர்களே, கட்டுரைப் பாடத்தில் 'பள்ளி விளையாட்டுப் போட்டி' என்னும் தலைப்போடு நின்றுவிடாதீர்கள். தொகை எவ்வளவு, அறிவித்தவர் யார், எந்த நாளில், வேலை முடிந்ததா என்று வினவி எழுத மாணவரைப் பழக்குங்கள். மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் செய்தியாளராக எங்கள் பள்ளிக்கு வந்தால், மண்டபத்தில் மட்டும் நின்றுவிடாதீர்கள். பூட்டிய அறையின் சாவியைக் கேளுங்கள்.