75 சதவீதக் கோட்டை அழிக்க வேண்டும்

ஐயப்பன்தாங்கல் பணிமனையிலிருந்து கிளம்புவது சென்னை மாநகரப் பேருந்து; வீட்டு வாடகையும் சென்னைக் கணக்குதான். நிர்வாகம் மட்டும் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரு பக்கம் போரூர், சென்னை மாவட்டம். மறுபக்கம் பூந்தமல்லி, திருவள்ளூர் மாவட்டம். நடுவில் வசிக்கும் மாற்றுத்திறனாளிக்கு மாவட்ட நல அலுவலகம் காஞ்சிபுரத்தில். பக்கத்தில் முகாம் நடக்காத நாளில், அவரும் துணைக்கு வருபவரும் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் போய்வர வேண்டும்.

அலைந்து வாங்கும் அடையாள அட்டையில் தலையெழுத்துபோல ஓர் எண் இருக்கிறது: குறைபாட்டின் சதவீதம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 40 சதவீதத்தை அளவாக வைத்தது. உதவித்தொகை என்று வந்ததும் அந்தக் கோடு மேலே ஏறுகிறது. மத்திய அரசின் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும். வறுமைக்கோட்டுப் பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். கொடுப்பதோ மாதம் 300 ரூபாய், 2012இல் நிர்ணயித்த தொகை. தமிழக அரசின் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைக் கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் பெற 75 சதவீதம். 70 என்று எழுதிவிட்டால், வருவாய்த் துறையின் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்குத்தான் மனுப் போட வேண்டும்.

மருத்துவர் அளப்பது மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கும், கணினி முன் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கும் அதே 70 கிடைக்கலாம். கொத்தனாரின் பிழைப்பு அன்றோடு போயிற்று என்பது சான்றிதழில் எங்கும் ஏறுவதில்லை. 2024 அக்டோபரில், மருத்துவப் படிப்பு தொடர்பான வழக்கில், சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது, அவரால் என்ன முடியும் என்று பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். படிப்புக்குப் பொருந்தும் இந்த நியாயம் சோற்றுக்குப் பொருந்தாதா?

அதே மாதம் திருத்தப்பட்ட மத்திய விதிகள் நேர் எதிராகப் போயின. சான்றளிக்க ஒரு மாதம் என்றிருந்த கெடு மூன்று மாதமாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்கப்படாத விண்ணப்பம் செயலிழந்துவிடும். தாமதம் அலுவலகத்துடையது, தண்டனை விண்ணப்பித்தவருக்கு. இது அநீதி.

டெல்லி மாறக் காத்திருக்கத் தேவையில்லை. பராமரிப்பு உதவித்தொகை தமிழக அரசின் சொந்தத் திட்டம். அந்த 75ஐ ஓர் அரசாணையில் நீக்கிவிடலாம். 40 சதவீதம் தாண்டியவரிடம், சம்பாதிக்க முடிகிறதா, அன்றாடம் யார் துணை தேவைப்படுகிறது என்று ஒரு மதிப்பீட்டுக் குழு நேரில் கேட்டு முடிவெடுக்கட்டும். மாவட்ட எல்லை பாராமல் அந்தக் குழு மாதம் ஒருநாள் பூந்தமல்லி அரசு மருத்துவமனையில் அமரட்டும். அங்கும் வர இயலாதவர்களின் வீடுகளுக்கு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் 2021 முதல் போய்வருகிறார்கள். மதிப்பீட்டுக் குழுவும் போகலாம்.