உறக்கத்தைத் திருடிப் படிக்கலாமா?

பொதுத்தேர்வு நெருங்கினால், எங்கள் மங்கலம்பேட்டையில் வீடுகளிலும் விடுதியிலும் கோழி கூவுமுன்பே விளக்குகள் எரியும். இரவு பன்னிரண்டு வரை படிப்பு. மறுபடி நான்கு மணிக்கு எழுப்புதல். எழுப்பும் அம்மாவும் பாவம், தாமும் தூங்காமல் காப்பி போட்டுத் தருகிறார். இதுவே நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நம் மூளைக்குள், கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களால் ஆன கடிகாரம் ஒன்று உண்டு. காலை ஒளியைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் விடியலில் உயர்வதும் இரவில் தணிவதும் அதன் ஏவலால்தான். ஓயாமல் கவலைப்படுவோருக்கு இரவிலும் அது தணியாமல் போவதுண்டு. கவலையால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் கவலை பெருகுகிறது. இது நீடித்தால் மனச்சோர்வு நோயில் கொண்டுபோய் விடக்கூடும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனின் குழுவினர், கடிகாரமும் வெயிலும் இல்லாத அறையில் மனிதரைத் தங்கவைத்து ஆராய்ந்தனர். அதைவிட என்னைக் கவர்ந்தது 1981-இல் அவர்கள் வெளியிட்ட வௌவால் ஆய்வு. இருண்ட குகையில் தன்னந்தனியே அடைபட்ட வௌவாலின் நேரம் நாளுக்கு நாள் பிறழ்ந்தது. அதே இருளில், தன் கூட்டத்தின் நடுவே அடைபட்ட வௌவாலோ நேரம் தவறவில்லை.

வௌவாலுக்கு உள்ளதெல்லாம் மனிதருக்கும் உண்டென்று வாதிடமாட்டேன். ஆயினும் அதைப் படித்தபோது என் விடுதித் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவள் எங்களோடு உண்பதை நிறுத்திவிட்டாள். மூன்று மணிக்கே விழித்துக் கூரையைப் பார்த்துக் கிடப்பாள். காலையில் மிகவும் வாடியிருக்கும் முகம் மாலையில் சற்றுத் தெளியும். "சோம்பேறி" என்றோம், நானுந்தான் சொன்னேன். இவையெல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகள் என்று மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தோம்.

பெற்றோர்களே, உங்கள் மகள் இரண்டு வாரமாக இப்படி இருந்தால் ஏசாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநலத் தொலைபேசியிலும் ஆலோசனை கேட்கலாம். அருட்சகோதரியர்க்கும் ஒரு வேண்டுகோள்: ஒன்பதரை மணிக்கு விளக்கணைக்கும் மணியைத் தேர்வு மாதத்திலும் தளர்த்தாதீர்கள். தோழியர் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

அவள் இப்போது எங்களோடுதான் சாப்பிடுகிறாள். காலை ஐந்தரைக்கு அவளை எழுப்புவது என் வேலை.