துல்லியம் வேண்டும், எவ்வளவு வேண்டும்?

தொலைக்காட்சி நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்திய காலம் போய்விட்டது. இன்று வீட்டுக்கு வீடு எழும் கேள்வி வேறு. கூடத்தில் இருக்கும் பெட்டி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. கூரைமேல் டிஷ் ஆன்டெனா இருக்கிறது. ஆயினும் கடை வாசலெல்லாம் ‘4கே’, ‘அல்ட்ரா எச்.டி.’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா? 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அவ்வாண்டு தீபாவளிக்கு நம் பவானியில் பலகாரப் பேச்சுக்கு நிகராகப் பெட்டிப் பேச்சும் நடந்தது எனலாம். எங்கள் வகுப்பிலும் மதிய உணவு வேளையில், “உங்க வீட்டில் எத்தனை இஞ்ச்?” என்று ஒருவரையொருவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. சிலர் உரக்கச் சொல்கிறார்கள். சிலர் தூக்குப் போசியைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார்கள்.

ஆதலால் இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க விரும்பினோம். எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். செயற்கைக்கோள் வழியாக வரும் தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்ப்பதற்காக, நன்றாக ஓடுகிற எச்.டி. பெட்டியைத் தள்ளிவிட்டு அல்ட்ரா எச்.டி.க்கு மாறுவது வீண் செலவு.

புதுமை என்றாலே எங்களுக்கு ஆகாது என்று பெரியவர்கள் எண்ணிவிட வேண்டாம். தொலைக்காட்சியின் வரலாற்றில் வந்த மாற்றங்களில் பல உண்மையிலேயே பெரியவை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையோடு நம் நாட்டில் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினார்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் செய்த பத்தடி அகல ஆன்டெனா. ஊருக்கு ஒரு பெட்டி. அதைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும். அந்த ஆறு மாநிலங்களில் தமிழகம் இல்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1982இல் வண்ணம் வந்தது. 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டி வழங்கியது. 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சி பிறந்தது. மறு ஆண்டே கொரோனாவினால் பள்ளிகள் பூட்டப்பட்டபோது, அன்று ஐந்தாம் வகுப்பிலிருந்த நாங்கள் அதன் முன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். பாடம் நடத்திய ஆசிரியை எங்களில் சிலர் வீட்டில் பழைய குமிழ்க் கண்ணாடிப் பெட்டியில்தான் தெரிந்தார். கரும்பலகை எழுத்து சற்று மங்கல்தான்; பின்னம் புரியத்தான் செய்தது.

இவை ஒவ்வொன்றும் முன்பு இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தன: காட்சி, வண்ணம், பாடம். அல்ட்ரா எச்.டி. கொண்டுவருவது என்ன? ஏற்கெனவே இருப்பதை இன்னும் நுணுக்கமாகக் காட்டும். நுணுக்கம் நல்லதுதான். ஆனால் அந்த நுணுக்கம் நம் வீடு வரை வந்து சேருகிறதா என்பதே கேள்வி.

திரையில் தெரியும் படம் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரண அலைவரிசையின் படத்தில் குறுக்கே 720, நெடுக்கே 576. பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். எச்.டி. படத்தில் 1,920க்கு 1,080. சரியாக அதைப்போல் ஐந்து மடங்கு. அல்ட்ரா எச்.டி.யில் 3,840க்கு 2,160. சாதாரணப் படத்தைப்போல் இருபது மடங்கு, அதாவது 82,94,400. இனி, வீட்டில் அல்ட்ரா எச்.டி. பெட்டி வாங்கி வைத்துவிட்டு அதில் சாதாரண அலைவரிசையைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்திலிருந்து வருவது இருபதில் ஒரு புள்ளி மட்டுமே. மீதிப் பத்தொன்பதையும் பெட்டியே தானாக ஊகித்து நிரப்புகிறது! நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடித்த நூலில் நெய்த ஜமக்காளத்தை எவ்வளவு பெரிய கூடத்தில் விரித்தாலும் அது பட்டாகிவிடாது அன்றோ?

அப்படியானால் நிலையத்திலிருந்தே அல்ட்ரா எச்.டி.யாக வரும் அலைவரிசையைப் பார்க்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் 2015 சனவரியிலேயே டாட்டா ஸ்கை நிறுவனம் 4கே செட்டாப் பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தொடங்கிய உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் சில ஆட்டங்கள் செயற்கைக்கோள் வழியாக அந்தத் துல்லியத்தில் ஒளிபரப்பாகின. வாங்கியவர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அதன்பின் பத்தாண்டுகள் ஓடிவிட்டன. நாள்தோறும் நம் வீட்டில் ஓடும் தமிழ்ச் செய்தி, தொடர், திரைப்படம் எதுவும் செயற்கைக்கோளில் அவ்வாறு வருவதில்லை. சன், விஜய் போன்றவை எச்.டி. வரை வந்திருக்கின்றன, அதற்கு மேல் இல்லை. இல்லாத சாமிக்குத் தேர் கட்டியது போலத்தான்.

எங்களுக்கு மிகவும் சுவையாக இருந்த பகுதி கண்ணைப் பற்றியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியலும், கணிதத்தில் உயரங்களையும் தொலைவுகளையும் கண்டறியும் முக்கோணவியலும் உண்டு. மரத்தின் உயரத்தையும் கலங்கரை விளக்கத்தின் உயரத்தையும் கண்டுபிடித்துச் சலித்துப்போன நாங்கள், ஒரு நாள் அதே கணக்கைத் தொலைக்காட்சிக்குப் போட்டுப் பார்த்தோம். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 43 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அதில் எச்.டி. படத்தின் 1,920 புள்ளிகள் வரிசையாக நின்றால் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் மேற்சொன்ன கோணத்திற்குள் சுருங்குவது 1.7 மீட்டரில், அதாவது ஐந்தரை அடியில். அதற்கும் அப்பால் உட்கார்ந்தால் எச்.டி.யின் புள்ளியையே கண் பிரித்துக் காணாது. பிறகு ஒரு புள்ளியை நான்காக அறுத்து வைத்து என்ன பயன்? 55 அங்குலத்திற்கு இந்தத் தொலைவு ஏழடி; 65 அங்குலத்திற்கு எட்டரை அடி.

நம் வீடுகளில் யார் ஐந்தடியில் உட்காருகிறார்கள்? சிறு பிள்ளைகள் உட்காருவார்கள். உடனே அம்மா, “கண்ணு கெட்டுப் போயிரும், தள்ளி உட்காரு” என்பார். மற்றவர்கள் எட்டடி, பத்தடி தள்ளிச் சுவரில் சாய்ந்துதான் பார்க்கிறோம்.

இதே கணக்கைச் சாதாரண அலைவரிசைக்குப் போட்டால் விடை நேர்மாறாக வருகிறது. அதே 43 அங்குலத்தில் அதன் புள்ளி 1.3 மில்லிமீட்டர். பதினைந்தடி வரை அதன் சொரசொரப்பு கண்ணுக்குத் தெரியும். ஆகவே சாதாரணத்திலிருந்து எச்.டி.க்குப் போவது பத்தடியில் இருப்பவருக்கும் பயன் தரும், எச்.டி.யிலிருந்து அல்ட்ரா எச்.டி.க்குப் போவது தராது. பெரிய பெட்டி இருந்தும் பழைய செட்டாப் பாக்ஸையே வைத்திருக்கும் வீடுகள் பலவற்றை நாங்கள் அறிவோம். அவர்கள் மாற்ற வேண்டியது அந்தச் சிறு பெட்டியை மட்டுமே. சந்தா சற்றுக் கூடும். ஆகவே எல்லாவற்றையும் எச்.டி.யில் கேட்காமல், பாட்டி பார்ப்பதையும் அப்பா பார்ப்பதையும் மட்டும் கேட்டு வாங்கினால் போதும்.

டிஷ் ஆன்டெனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை குழித்தறியில் ஜமக்காளம் நெய்பவர். அவர்கள் வீட்டில் புதிய பெட்டி எடுத்தபோது, விற்றவர் டிஷ்ஷையும் மாற்றினால்தான் படம் தெளிவாக வரும் என்று சொல்லி அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டாராம். இது சரியன்று. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அலையைத் திரட்டிக் கொடுப்பது மட்டுமே அந்தத் தட்டின் வேலை. அலைக்குள் இருப்பது சாதாரணப் படமா எச்.டி. படமா என்பது அதற்குத் தெரியாது. போதிய அலை கிடைத்தால் படம் முழுமையாக வரும்; கிடைக்காவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். ஐப்பசி மழை கொட்டும்போது அப்படித்தான் நிற்கிறது. தட்டு பெரிதாக இருந்தால் மழையைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், படம் நுணுக்கமாகாது. புதிய முறையில் சுருக்கி அனுப்பும் படத்தை விரித்துக் காட்டுவது செட்டாப் பாக்ஸின் வேலை. ஜப்பானில் 2018 டிசம்பர் 1 அன்று 4கே, 8கே செயற்கைக்கோள் ஒளிபரப்பு தொடங்கியபோது, அவற்றுள் சில அலைவரிசைகள் வேறு திசையில் சுழலும் அலையில் வந்தமையால் ஆன்டெனாவையும் மாற்ற வேண்டியிருந்தது உண்மை. அங்கே மாற்றியவர்களுக்குப் பார்ப்பதற்குப் புதிய அலைவரிசைகள் கிடைத்தன. எங்கள் தோழி வீட்டில் கிடைத்தது தவணைச் சீட்டு. அத்தவணை முடிவதற்குள் அவளுக்குப் பதினோராம் வகுப்புக் கட்டணம் கட்ட வேண்டும்.

இணைய வழியில் 4கே வருவதை மறுக்கவில்லை. 2022 உலகக் கோப்பைக் கால்பந்தையும் 2023 ஐ.பி.எல். ஆட்டங்களையும் ஜியோ சினிமா அவ்வாறு காட்டியது. ஆனால் அதற்கு விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வேகமுள்ள இணைப்பு வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 7 ஜிகாபைட் செலவாகும். கைப்பேசியில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் வைத்திருப்பவர் கால் மணி நேரம்கூடப் பார்க்க முடியாது. கம்பி வழி இணையம் உள்ள வீட்டில், அதுவும் ஆட்டம் பார்ப்பவர்கள் நிறைந்த வீட்டில், நியாயம் வேறு. பழைய பெட்டி பழுதாகிப் புதிது வாங்கியே ஆகவேண்டிய நிலையிலும் நியாயம் வேறு. இப்போது 43 அங்குலமும் அதற்கு மேலும் பெரும்பாலும் அல்ட்ரா எச்.டி.யாகவே வருகின்றன, அப்போது வாங்கிக்கொள்ளலாம். நல்ல பெட்டிகளில் வண்ணமும் ஒளியும் செழுமையாக இருக்கும். அதைக் காண அருகில் உட்கார வேண்டியதும் இல்லை. இதையும் சொல்லாவிட்டால் நாங்கள் ஒருதலையாகப் பேசியவர்களாவோம்.

தள்ளிவிடும் பெட்டி எங்கே போகிறது என்பதையும் யாரும் கேட்பதில்லை. பழைய குமிழ்ப் பெட்டியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஓடைக்கரையில் போட்டால், மழைநீரோடு அது எங்கே இறங்கும்? காவிரியும் பவானியும் கூடும் ஊரில் இருந்துகொண்டு நாம் இதை யோசிக்காமல் இருக்கலாமா?

தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலி உண்டு என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. அசிசி நகரப் புனித கிளாரா நோயுற்றுப் படுத்திருந்த கிறிஸ்து பிறப்பு இரவில், ஆலயத்தில் நடந்த வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டு கேட்டார் என்பது வரலாறு. அதனால் 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். அறைச் சுவரில் காட்சி தெரிந்தது என்கிறார்கள். எத்தனை புள்ளிகளில் தெரிந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை! 2020இல் ஆலயங்கள் மூடியிருந்த ஞாயிறுகளில் நம் பாட்டிமார் முக்காடிட்டு உட்கார்ந்து, சிறிய பெட்டியின் முன் திருப்பலி கண்டபோதும் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், பெற்றோரே, கடையில் ஓடவிட்டிருக்கும் மயிலையும் நீர்வீழ்ச்சியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை அந்தப் பெட்டிக்கென்றே எடுத்த படங்கள். “அண்ணா, நாங்க ராத்திரி பார்க்கிற சேனலைப் போடுங்க” என்று கேளுங்கள். பக்கத்தில் ஓர் எச்.டி. பெட்டியிலும் அதையே போடச் சொல்லுங்கள். பிறகு பத்தடி பின்னால் வந்து நின்று, எது எந்தப் பெட்டி என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள்.