பாய்ச்சல் பழகும் பருவம்

1982-இல் தில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்ற பாரதம், 41 ஆண்டுகளுக்குப் பின், 2023-இல் ஹாங்சௌவில் மீண்டும் வென்றது. நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர் சேணம் ஏற விரும்பின் நாம் தடுக்க வேண்டா. முறையை அறிந்திருத்தல் நலம்.

நடையும் டிராட்டும் கைவந்தபின் வருவது கேண்டர் எனும் பாய்ச்சல். டிராட்டுக்கு இரண்டு தாளம்; கேண்டருக்கு மூன்று. அம்மூன்றன்பின் நான்கு கால்களும் நிலம் நீங்கும் கணம் ஒன்றுண்டு. அப்போது புதியவர் அஞ்சி முன்சாய்வர், கடிவாளத்தில் தொங்குவர், அவர்தம் குதிகால் விலாவை அழுத்தும். குதிரையோ அதனை விரைந்தோடும் கட்டளையாகவே கொள்ளும். அச்சமே விபத்துக்கு வித்து.

ஆகவே, டிராட்டில் கடிவாளத்தைப் பற்றித் தொங்காமல் நிலைத்து அமரத் தெரிந்தவரையே பாய விடலாம். வேலியிட்ட திடல், சாதுவான குதிரை, ஆசிரியர் கையில் நீண்ட கயிறு ஆகிய மூன்றும் வேண்டும். திடலின் மூலையில் தொடங்குக. வளைவில் குதிரை உட்புற முன்காலை முந்தவைத்தல் எளிது. ஒரு கை கழுத்து வாரைப் பற்றட்டும். முதல் நாள் ஐந்தாறு பாய்ச்சலே போதும்.

பாயுமுன் நிறுத்தக் கற்பித்தல் கடன்: நிமிர்ந்தமர்ந்து, மூச்சை விட்டு, கடிவாளத்தை இழுத்திழுத்துத் தளர்த்துக, அடங்காவிடின் வட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்குக. தாடைவாருடன் கூடிய தலைக்கவசமும், அங்கவடியுள் கால் நழுவாது தடுக்கும் குதியுடைய காலணியும் இன்றியமையாதவை.

வேலியோரம் நிற்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல்: குழந்தை பாயும்போது கூவி அழைத்தல் வேண்டா. அவ்வேளையில் அதன் செவி ஆசிரியர் குரலுக்கே உரியது.