எஞ்சிய சுற்றுகள்

கல்முனைக் கடற்கரை மணலில் நெடுந்தூரம் ஓடிப் பழகுவோர் அறிவர்: கால்களுக்கு முன்னரே மனம் களைத்துவிடும்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில், 10,000 மீற்றர் ஓட்டத்தில், நம் நாட்டின் ரணதுங்க கருணானந்த பல சுற்றுகள் பின்தங்கினார். ஏனையோர் ஓடி முடித்த பின்னரும் எஞ்சிய சுற்றுகளைத் தனியே ஓடினார். முதலில் நகைத்த அரங்கம் இறுதியில் கைதட்டி ஆர்ப்பரித்தது.

முந்துவதற்கு எவருமில்லாத வேளையிலும் போட்டி முடிவதில்லை. 'நின்றுவிடு' என்னும் உள்மனக் குரலே அப்போது எதிராளி. புனித பவுலும் விசுவாச வாழ்வை ஓட்டத்திற்கு ஒப்பிட்டார்.

அன்பார்ந்தவர்களே, பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முதல்வனுக்குக் கைதட்டியதும் நாம் எழுந்துவிடுகிறோம். இனியாவது, கடைசிப் பிள்ளை எல்லைக்கோட்டைத் தொடும்வரை காத்திருப்போம்.