கூத்துக் கலைஞருக்கு ஊரில் ஒரு சங்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் கோவலன் கூத்தையும் காத்தவராயன் கூத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் கமக்காரரும் கூலித் தொழிலாளருமே. 2009 வரை நீடித்த போரின் இடப்பெயர்வுகளில் உடுப்பு, மத்தளம், ஆர்மோனியம், பாட்டுக் கொப்பிகள் என எத்தனையோ அழிந்தன. கூத்துப் பழக்கும் மூத்த அண்ணாவிமாரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

கலைஞர்கள் அமைப்பாகத் திரள்வது புதிதல்ல. சென்னையில் திரைக் கலைஞர்கள் 1952இலேயே தென்னிந்திய நடிகர் சங்கத்தை அமைத்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் உண்டு. இலங்கையிலும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான டவர் மண்டப அரங்க மன்றம் கலைஞர் ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. மூத்த கலைஞர்களுக்குக் கலாபூஷணம் விருதும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் நிரப்பவும், மேடையேறியதற்குச் சான்று திரட்டவும் துணையில்லாத கிராமத்துக் கலைஞரை இவை எளிதில் எட்டுவதில்லை. தனியாள் கேட்டுக் கிடைக்காததைச் சங்கம் கேட்டுப் பெறும்.

ஆகவே கனகராயன்குளம், புளியங்குளம், நெடுங்கேணிப் பகுதிக் கலைஞர்களை ஒரே சங்கமாக இணைத்துப் பதிவு செய்ய வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் முன்வர வேண்டும். உறுப்பினர் விபரம் திரட்டுவது, அண்ணாவிமாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்வது, நோய்க்கும் மரணச் செலவுக்கும் உதவும் நிதி தொடங்குவது ஆகியவை அதன் முதற்பணிகளாகட்டும். பாடத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கூத்து ஆர்வலர் ஒருவர்,
கனகராயன்குளம்.